லீட் ஆஃப்

பஸ் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை விட்டு இன்னும் முழுசாக வெளியே வரவில்லை, அதற்குள் பவுலின் அந்தச் செய்தியை நான்கு தடவை படித்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலமே வந்திருக்கிறது. அவள்தான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பீரோக் கண்ணாடி முன்னால் நின்று எட்டு நிமிஷப் பேச்சை ஒன்பது தடவை பேசிப் பார்த்துவிட்டு, தொண்டை கட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் சீக்கிரமே படுத்துவிட்டாள். செய்தி வசுமதி மேடத்திடமிருந்து. மதுரையில் இன்று நடக்கிற நர்சுகள் மாநாட்டை அவர்தான் நடத்துகிறார். நர்சிங் கல்லூரி முதல்வர், எழுதுவதெல்லாம் இங்கிலீஷில்தான். 'ஸ்மால் சேஞ்ச், சிஸ்டர் பவுலின். யூ வில் லீட் ஆஃப் டுமாரோ. ப்ளீஸ் பீ இன் தி ஹால் பை நைன் தர்ட்டி ஷார்ப்.' சேஞ்ச் புரிந்தது. ஹால் புரிந்தது. நைன் தர்ட்டி ஷார்ப் நன்றாகவே புரிந்தது. நடுவில் நின்ற அந்த இரண்டு வார்த்தைகளுக்கு அவளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். இருபத்தொரு வருஷமாக இருதய வார்டில் மானிட்டர் மஞ்சள் எழுத்தில் அவளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிற வார்த்தை அது. லீட் ஆஃப். நோயாளி நெஞ்சில் ஒட்டியிருக்கிற வயர் ஒன்று கழன்றுவிட்டது, வந்து ஒட்டு. வியர்த்தால் கழலும், புரண்டு படுத்தால் கழலும், சொறிந்தால் கழலும். டிங் டிங் என்று அடிக்கும், ஓடிப்போய் ஒட்டினால் அடங்கிவிடும். அப்படியென்றால் நாளை நீ லீட் ஆஃப் என்பதற்கு என்ன அர்த்தம்? நாளை நீ கழன்றுவிடுவாய். கழட்டி விட்டுவிட்டார்கள். ஆறு பேர் பேசுகிற பட்டியலில் நாலாவது பெயராக இருந்தவளை மரியாதையாக இரண்டே வார்த்தையில் கழட்டிவிட்டார்கள்.

முதலில் வந்தது நிம்மதிதான், அதை மறைக்க முடியாது. நெஞ்சுக்குள் மூன்று வாரமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. பேச வேண்டாம், முந்நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், நடுவில் வார்த்தை மறந்து போய்த் திருதிருவென்று முழிக்க வேண்டாம். சாப்பாட்டுக் கூப்பனை வாங்கிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வரலாம். சின்னாளபட்டி வரைக்கும் அந்த நிம்மதி கூடவே வந்தது. அதற்கு அப்புறம் அதற்கு அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது, அது கோபம் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. எதற்கு என்னைக் கழட்டினார்கள்? எனக்கு இங்கிலீஷ் வராது என்றா? தமிழில் பேசலாம் என்று அவர்கள்தானே சொன்னார்கள். பட்டம் இல்லை, டிப்ளமோ நர்ஸ் என்றா? அவள் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். உடுத்தியிருக்கிற இந்த வயலட் சேலையை இதற்காகத்தானே வாங்கினாள், புது பிளவுஸ் கக்கத்தில் பிடிக்கிறது என்று நேற்று ராத்திரி கையாலேயே தையல் பிரித்தாளே. அப்போதுதான் அவளுக்கே உறைத்தது: எனக்கு இது வேண்டும். பேச வேண்டும். வேண்டும் வேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி மனசு காலை உதைத்துக்கொண்டு நிற்கிறது. நாற்பத்து நான்கு வயசில் இப்படி ஒன்றை வேண்டுமென்று கேட்கிற மனசு தனக்குள் இருந்ததே அவளுக்குத் தெரியாது. சரி, கழட்டிவிட்ட ஆளை எதற்கு ஒன்பதரைக்கு டாணென்று வரச் சொல்ல வேண்டும்? அந்தச் சந்தேகம் ஒரு ஊசி முனை அளவுக்குத்தான் இருந்தது, ஆனால் அது போதும், நாடி ஏறிவிட்டது. இடது கை மணிக்கட்டில் விரலை வைத்து, வாட்சைப் பார்த்து எண்ணினாள். நிமிஷத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு.

போனில் அந்த இரண்டு வார்த்தைகளைப் போட்டு அர்த்தம் தேடினாள். அவளை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிற போன் மானிட்டர் படத்தைத்தான் முதலில் காட்டியது, எலக்ட்ரோடு சருமத்தைவிட்டு விலகினால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கே பாடம் எடுத்தது. அதற்குக் கீழே தொப்பி போட்ட ஒரு அமெரிக்காக்காரன் பேஸ்பால் கட்டையை ஓங்கிக்கொண்டு நின்றான். அதைத் தொடுவதற்குள் அம்பாத்துரை மலையடிவாரம் வந்து, நெட்வொர்க் வட்டமாகச் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. சிக்னல் ஒரு கோடு திரும்பி வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அமலநாதன் மின்வாரியத்தில் லைன்மேன், அந்த நேரத்துக்கு எங்காவது கம்பத்தடியில்தான் நிற்பார். "என்னங்க, லீட் ஆஃப்னா என்ன அர்த்தம்?" "லீட் வயர் கழண்டுருச்சுன்னு அர்த்தம். எந்த வீட்ல?" "வீட்ல இல்லங்க, மேடம் மெசேஜ் அனுப்பியிருக்காங்க, நாளைக்கு நீ லீட் ஆஃப்னு." "ஏ பவுலினு, அப்ப உன்னத் தூக்கிட்டாய்ங்களா?" "அதத்தான நானும் கேக்குறேன்." "நீ கவலப்படாத, வந்துரு, மத்தியானம் பிரியாணி வாங்கிட்டு வரேன்." அவருக்கு அவள்மேல் எவ்வளவு பிரியம் என்பது அந்தப் பிரியாணியில் தெரிந்தது, அதனாலேயே கோபமும் வந்தது. "பிரியாணி ஒண்ணும் வேணாம்" என்று வைத்துவிட்டாள். மகள் ஷெர்லினைக் கேட்டால் தெரியும். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். படிக்கிறாள், ஆனால் காலை ஏழரைக்கு அவளை எழுப்ப யாராலும் ஆகாது. மூன்று தடவை அடித்து அடித்து ஓய்ந்தது. மேடத்தையே கேட்டுவிடலாமா? 'மேடம், நீங்கள் எழுதியது எனக்குப் புரியவில்லை.' அதைச் சொல்ல வாய் வராது. அவளுடைய இங்கிலீஷ் முழுக்க மருந்துப் பெட்டிகளிலிருந்தும் கேஸ் ஷீட்டிலிருந்தும் மிஷின்களிலிருந்தும் பொறுக்கியது. ஷேக் வெல், ஸ்டோர் இன் கூல் பிளேஸ், லோ பேட்டரி. எல்லாம் தனித்தனி வார்த்தைகள், சொன்னதைச் செய்யும். ஆனால் இந்த ஆஃப், ஆன், அப், அவுட் எல்லாம் போய் இன்னொரு வார்த்தையோடு ஒட்டிக்கொண்டால் சொந்தப் புத்தியை இழந்துவிடுகின்றன. கால் என்றால் கூப்பிடுவது, கால் ஆஃப் என்றால் நிறுத்துவது. புட் என்றால் வைப்பது, புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது. டூட்டி ஆஃப், லைட் ஆஃப். ஆஃப் வந்த இடமெல்லாம் ஏதோ ஒன்று இல்லாமல்தான் போயிருக்கிறது.

கொடைரோட்டில் ஒரு அம்மாள் மல்லிகை மூட்டையோடு ஏறி, "ஏத்தா, செத்தத் தள்ளு" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் முழுக்க பூ வாசம் அடித்தது. பவுலின் மறுபடியும் மணிக்கட்டில் விரலை வைத்திருந்ததை அந்த அம்மாள் பார்த்துவிட்டாள். "மேலுக்கு முடியலையா?" "இல்லம்மா, மேடையில பேசணும். பேசச் சொல்றாங்களா, வேணாங்கறாங்களான்னு தெரியல." "போய் நின்னுரு. நின்னுட்டா எவன் இறக்கி விடுவான்?" என்று சொல்லிவிட்டு, மூட்டைமேல் தலையைச் சாய்த்த அந்த அம்மாள் அடுத்த நிமிஷமே தூங்கிப்போனாள். பவுலினுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாக, கூப்பிடாமலேயே, சிக்கந்தர் வந்துவிட்டார். அவர் எப்போதும் இப்படித்தான் வருவார், அவள் சிரிக்கிற நேரம் பார்த்து. ஏழாம் நம்பர் பெட். வத்தலக்குண்டில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர், ஐம்பத்தெட்டு வயசு. படுத்திருக்கும்போதும் வலது கால் இல்லாத பிரேக்கை அமுக்கிக்கொண்டே இருக்கும். "இந்த வயரெல்லாம் கழட்டிட்டா வண்டி நின்னுருமா சிஸ்டர்?" என்று கேட்பார். "நீங்க டிஸ்சார்ஜ் பண்ணி விடுங்க, உங்களுக்குப் பத்தே நாள்ல கார் ஓட்டக் கத்துத் தரேன். கிளட்ச்சை மட்டும் பதறாம விடணும்." பசை அரிக்கிறது என்று வயரைப் பிய்த்துப் பிய்த்துப் போடுவார். அன்றைக்குக் காலையிலிருந்து பதினோரு தடவை லீட் ஆஃப். பதினோரு தடவையும் அவள் போய் ஒட்டினாள், ஒவ்வொரு தடவையும் திட்டினாள், ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு ஜோக் சொன்னார். பன்னிரண்டாவது தடவை அடித்தபோது அவள் பத்தாம் நம்பர் பெட்டில் ஒரு கிழவருக்கு நரம்பு கிடைக்காமல் ஊசியோடு போராடிவிட்டு, மருந்து எடுக்க நர்சுகள் உட்காரும் மேசைப் பக்கம் வந்திருந்தாள். மேசையில் எல்லா பெட்டையும் காட்டுகிற பெரிய மானிட்டரில் ஏழு என்ற எண் மஞ்சளாக மின்னியது. லீட் ஆஃப். இந்த மனுஷன் திருந்தமாட்டார் என்று நினைத்து அங்கிருந்தபடியே அலாரத்தை அமுக்கி நிறுத்தினாள். மருந்தை எடுத்தாள். பத்தாம் நம்பருக்குப் போனாள். நான்கு நிமிஷம் கழித்துத்தான் ஏழாம் நம்பர் பக்கம் வந்தாள். அவர் வயரைப் பிய்த்தது என்னவோ உண்மைதான், மிஷின் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தடவை அரிப்பினால் பிய்க்கவில்லை, மூச்சு கிடைக்காமல் பிய்த்திருக்கிறார்.

பெரிய அட்டாக், பக்கத்திலேயே நின்றிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, குறை சொல்ல யாருக்கும் தெரியவும் தெரியாது. ஒரு விரல் ஒரு பட்டனை அமுக்கியதற்குச் சாட்சி அந்த விரல்தான். சிக்கந்தரின் மனைவி வராந்தாவில் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்க பக்கத்துலயே இருந்தீங்களாமே, டாக்டர் சொன்னாரு" என்றாள். பவுலின் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளிலிருந்துதான் அவள் வார்டில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாள். எந்த அலாரம் அடித்தாலும் முதலில் ஆளைப் பார், அப்புறம் மிஷினைப் பார். மேசையிலிருந்து யாரும் எதையும் அமுக்கக் கூடாது. வியர்க்கிற நெஞ்சை ஸ்பிரிட்டால் துடைத்து, முடியை மழித்து, தினமும் காலையில் புது எலக்ட்ரோடு. ஒரு வருஷத்தில் வீண் அலாரம் பாதியாகக் குறைந்தது, யாரோ சொல்லி, அது வசுமதி மேடம் காதுக்குப் போய், இதோ மாநாடு. அவள் மாநாட்டுக்கு எழுதிக் கொடுத்த பேச்சில் சிக்கந்தர் மூன்றாம் பத்தியில் ஒரே ஒரு வரியில் வருகிறார்: 'ஒரு சந்தர்ப்பத்தில் அலாரம் கவனிக்கப்படவில்லை.' கவனிக்கப்படவில்லை. யாரால்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. நேற்றுக் கண்ணாடி முன்னால் ஒன்பது தடவை பேசியபோதும் அந்த வரியில் மட்டும் அவள் கண் கண்ணாடியைவிட்டு நகர்ந்து, பீரோ சாவியில் போய் நின்றது.

வாடிப்பட்டி தாண்டும்போது போன் அடித்தது. ஷெர்லின். தூக்கக் கலக்கத்தில் குரல் கரகரவென்று இருந்தது. "என்னம்மா, மூணு மிஸ்டு கால், அப்பாவுக்கு ஏதாச்சுமா?" "அப்பா நல்லாத்தான் இருக்காரு, பிரியாணி வாங்கப் போறாராம். லீட் ஆஃப்னா என்னடி? மேடம் போட்டிருக்காங்க, யூ வில் லீட் ஆஃப்னு. என்னைத் தூக்கிட்டாங்களா?" அந்தப் பக்கம் ஷெர்லின் சிரித்த சிரிப்பில் தூக்கம் போய்விட்டது. "ஐயோ அம்மா! நீதான் ஃபர்ஸ்ட்டு! லீட் ஆஃப்னா முதல்ல ஆரம்பிச்சு வைக்கிறது." "முதல்லயா?" "ஆமாம்மா. எங்க கிளாஸ்ல ஒரு டாபிக் குடுத்துட்டு, ஷெர்லின், வில் யூ லீட் ஆஃப்னு மேம் கேப்பாங்க. நான் எந்திரிச்சு ஏதாவது பேசணும், அதப் புடிச்சுக்கிட்டு மத்தவங்க ஒவ்வொருத்தரா பேசுவாங்க. முதல் ஆள் எப்படிப் பேசுறாங்களோ அப்படியே போயிரும் பீரியடு." "ஆஃப்னு போட்டுட்டு ஆரம்பிங்கறாங்களே, அப்ப ஆன்னா?" "லீட் ஆன்னா வேற. ஆச காட்டி, இல்லாததை இருக்குன்னு நம்ப வச்சு ஏமாத்துறது." "எவன்டி கண்டுபுடிச்சான் இந்தப் பாஷைய! ஆஃப்னா ஆரம்பமாம், ஆன்னா ஏமாத்தாம்!" அவள் கத்திய கத்தலில் பூக்கார அம்மாள் விழித்துக்கொண்டு, "என்னத்தா, பேசச் சொல்லிட்டாகளா?" என்று கேட்டாள். "முதல்ல பேசச் சொல்லிட்டாங்கம்மா!" "அதான பாத்தேன்" என்று, தான்தான் அந்த உத்தரவைப் போட்ட மாதிரி அந்த அம்மாள் மூட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

அதற்கப்புறம் பஸ் ஓடிய மாதிரியே அவளுக்குத் தெரியவில்லை, பறந்தது. முதல். நானா? மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று மூன்று பேரைப் பார்த்துவிட்டு நாலாவதாக ஏறலாம் என்று இருந்தாள், இப்போது பார்த்துப் பழக யாரும் இல்லை. வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மைக்கைத் தட்ட வேண்டுமா, தட்டிவிட்டு வணக்கமா? கால் கட்டைவிரல் செருப்புக்குள் தாளம் போட்டது. சமயநல்லூரில் வெயில் பளீரென்று ஏறி ஜன்னல் வழியாக முழங்கையில் அடித்தது, அது பட்ட இடம்கூடச் சந்தோஷமாக இருந்தது. பேச்சை மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டினாள். முதல் பத்தி கடகடவென்று போனது. இரண்டாம் பத்தி போனது. மூன்றாவதில் வண்டி இடித்து நின்றது. ஒரு சந்தர்ப்பத்தில் அலாரம். மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் அங்கேயே. நாலாவது ஆளாக இருந்திருந்தால் அந்த வரியை ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம், ஆறு பேச்சுக்கு நடுவில் ஒரு வரி, யார் கவனிக்கப்போகிறார்கள். முதல் ஆள் எப்படிப் பேசுகிறாளோ அப்படியே போய்விடுமாமே. அவள் கவனிக்கப்படவில்லை என்று சொன்னால், அடுத்தவள் தாமதிக்கப்பட்டது என்பாள், அதற்கடுத்தவள் தவறவிடப்பட்டது என்பாள், யாருமே எதையும் செய்யாத ஆஸ்பத்திரிகளைப் பற்றி மத்தியானம் வரைக்கும் பேசிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அந்த வரியை அப்படியே சொன்னால் அது லீட் ஆன்தான், இல்லாததை நம்ப வைப்பதுதான், வராந்தாவில் கையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெண்ணிடம் வாயை மூடிக்கொண்டு நின்ற மாதிரி. சொன்னால் வேலை போகுமோ? இன்சார்ஜ் சிஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது? சிக்கந்தர் மனைவி கேள்விப்பட்டால்? பயம் நிஜமாகவே இருந்தது. ஆனால் விசித்திரம், பயத்துக்கு அடியிலும் அந்தத் துடிப்பு நிற்கவே இல்லை. பரவையில் இறங்கிய கூட்டத்தோடு அதுவும் இறங்கிவிடும் என்று பார்த்தாள். இறங்கவில்லை. ஆரப்பாளையத்தில் அவளோடுதான் இறங்கியது.

ஹால் வாசலில் வசுமதி மேடம் அவள் தோளைத் தொட்டு, "தேங்க்ஸ் சிஸ்டர். சென்னை இந்திராணிதான் முதல்ல பேசுறதா இருந்துச்சு, ட்ரெயின் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகல, பஸ்ல வந்துக்கிட்டிருக்காங்க. அதான் உங்களைக் கேட்டேன்" என்றார். இவ்வளவுதானா? யாருக்கோ டிக்கெட் கிடைக்காததற்கா நான் இந்தப் பாடுபட்டேன்? சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஐந்து படி. மைக் அவள் உயரத்துக்குச் சரியாக இல்லை, ஒருத்தர் வந்து இறக்கி வைத்தார். முந்நூறு முகங்கள், எல்லாம் டூட்டி பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே கறுத்த முகங்கள், அவளுக்குத் தெரிந்த முகங்கள்தான், பெயர்தான் தெரியாது. வணக்கம் சொன்னாள். தாளைப் பிரித்தாள், மூன்றாம் பத்தி கண்ணில் பட்டது, தாளைக் கவிழ்த்து வைத்தாள். "ஏழாம் நம்பர் பெட்டுல சிக்கந்தர்னு ஒருத்தர் இருந்தாரு" என்று ஆரம்பித்தாள். குரல் அவளுடையதாகவே இல்லை, பிறகு அவளுடையதாக ஆனது. "பன்னெண்டாவது தடவை அலாரம் அடிச்சப்ப நான் போய்ப் பாக்கல. மேசையிலேர்ந்தே அமுக்கிட்டேன். நான்தான் அமுக்கினேன். நாலு நிமிஷம் கழிச்சுத்தான் போனேன்." நடுவில் வாசல் கதவு திறந்து, தோளில் பையும் கையில் லேப்டாப்புமாக, கசங்கிய சேலையில் ஒரு பெண் உள்ளே வந்து, உட்காராமல் அப்படியே சுவரோரமாக நின்றுவிட்டாள். பவுலின் நிறுத்தவில்லை. ஸ்பிரிட்டைச் சொன்னாள், புது எலக்ட்ரோடைச் சொன்னாள், எத்தனை அலாரம் குறைந்தது என்று சொன்னாள், அவர் மனைவியிடம் தான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை என்றும், இந்த வாரமே வத்தலக்குண்டு போகப்போவதாகவும் சொன்னாள். அந்தக் கடைசி வாக்கியம் எழுதியதிலும் இல்லை, பஸ்ஸில் நினைத்ததிலும் இல்லை, அது வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

யாரும் கை தட்டவில்லை. அவள் படியிறங்கி முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கெடுத்துவிட்டேனோ என்று ஒரு நினைப்பு, கெட்டால் கெடட்டும் என்று அதன் மேலேயே இன்னொன்று. அடுத்து இந்திராணியைக் கூப்பிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி, முனைவர் பட்டம், முப்பது ஸ்லைடு என்று பேசிக்கொண்டார்கள். சுவரோரமாக நின்றிருந்த அந்தப் பெண்தான் மேடை ஏறினாள். லேப்டாப்பைச் செருகினார்கள், அவளுக்குப் பின்னால் திரையில் நீலக் கலரில் தலைப்பு விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்லைடு அப்புறம் போடலாம்" என்றாள். "எனக்கு, பதினாலாம் நம்பர் பெட்டு."

பவுலினுக்குப் பின்னால், ஹாலின் கடைசி வரிசைகளில் எங்கோ, இன்னொருத்தியும் எழுந்திருக்க, ஒரு நாற்காலி பின்னுக்கு நகர்கிற சத்தம் கேட்டது.